சந்தா கட்டியோர் நூலகம் தேசிய நூலகமான கதை

சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் வயது என்ன என்று கேட்டால் ஒரே பதில் கிடைக்காது. 1823 என்று சிலர் சொல்வார்கள். அந்த ஆண்டில்தான் சர் ஸ்டாம்ஃபர்ட் ராஃபிள்ஸ், தாம் நிறுவ விரும்பிய கல்விக்கூடத்தில் ஒரு நூலகமும் இருக்க வேண்டும் என்று திட்டமிட்டார். 1845 என்பார்கள் வேறு சிலர். சந்தா கட்டுவோருக்காக ஒரு நூலகம் திறக்கப்பட்ட ஆண்டு அது. அரசாங்கம் நூலகத்தை ஏற்றுக்கொண்ட 1874ஆம் ஆண்டையும், யார் வேண்டுமானாலும் இலவசமாக நூல் எடுத்துப் போகலாம் என்ற நிலை வந்த 1958ஆம் ஆண்டையும் குறிப்பிடுவோரும் உண்டு. நான்கு பதில்களுமே சரிதான். யாருக்காக இந்த நூலகம் இருந்தது என்ற கேள்வியை முன்னால் வைத்துப் பார்த்தால், நான்காவது பதிலுக்கே எடை அதிகம்.

ராஃபிள்ஸ் 1823 ஜூன் 5ஆம் தேதி சிங்கப்பூர் கல்விக்கூடத்துக்கு அடிக்கல் நாட்டினார். மலாய், சீன மொழிகளையும் இவ்வட்டார மக்களின் வரலாற்றையும் கற்பிக்கும் இடமாக அது விளங்க வேண்டும், சுவடிகளையும் நூல்களையும் அங்கே சேர்த்துவைக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். அடுத்த சில நாள்களில் அவர் சிங்கப்பூரை விட்டுப் புறப்பட்டார். பிறகு திரும்பி வரவே இல்லை. கட்டடம் பல ஆண்டுகள் அரைகுறையாகவே கிடந்தது.

ராஃபிள்ஸ் தமக்காகச் சேர்த்த சுவடிகளின் முடிவு இன்னும் வருத்தத்துக்குரியது. 1824 பிப்ரவரி 2ஆம் தேதி சுமத்ராவின் பென்கூலன் துறைமுகத்திலிருந்து ‘ஃபேம்’ என்ற கப்பலில் அவர் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். அன்று இரவே கப்பலில் தீப்பிடித்தது. பயணிகள் படகுகளில் ஏறி உயிர் தப்பினார்கள். பல ஆண்டுகளாகத் திரட்டிய மலாய்ச் சுவடிகளும் வரைபடங்களும் குறிப்பேடுகளும் கடலோடு போயின. அவற்றுள் பலவற்றுக்கு வேறு பிரதியே இல்லை.

அந்தச் சுவடிகளைப் பெட்டிகளில் அடுக்கிக் கட்டி அனுப்பியவர்களில் ஒருவர் ராஃபிள்சின் எழுத்தரும் மலாய் ஆசிரியருமான முன்ஷி அப்துல்லா. மலாய் இலக்கியத்தில் பெரும்பெயர் பெற்ற இவருடைய குடும்ப வேர் தமிழகத்தின் நாகூரைத் தொட்டு நிற்கிறது. யேமனிலிருந்து வந்த அரபு முன்னோர் ஒருவர் நாகூரில் தமிழ்ப் பெண்ணை மணந்து அங்கேயே தங்கியதாகக் குடும்ப வரலாறு. மலாக்காவில் வணிகம் நடந்த மொழிகளில் ஒன்று தமிழ் என்பதால், சிறுவனாக இருந்தபோதே தந்தை அவரைத் தமிழ் படிக்க அனுப்பினார். கப்பல் எரிந்த செய்தி கேட்டு மனம் கலங்கியதைத் தமது தன்வரலாறான ‘ஹிக்காயாட் அப்துல்லா’வில் எழுதியிருக்கிறார் அவர். 1849ல் சிங்கப்பூரில் கல்லச்சில் அச்சான அந்நூலின் முதற்பதிப்பு, இன்று தேசிய நூலகத்தின் அரிய நூல் தொகுப்பில் மதிப்புமிக்க உடைமைகளில் ஒன்று. எரிந்துபோன நூல்களுக்காக வருந்திய கைகளே எழுதிய நூல் தப்பிப் பிழைத்து நூலகத்தில் இடம்பிடித்திருப்பது தற்செயல்தான் என்றாலும் மனத்தைத் தொடுகிறது.

சந்தா கட்டினால்தான் நூல்

1830களின் இறுதியில் கல்விக்கூடக் கட்டடம் ஒருவழியாகப் பயன்பாட்டுக்கு வந்தது. பள்ளிக்கூட நூலகம் ஒன்றும் அங்கே இயங்கியது. பள்ளி மாணவருக்கான நூல்கள் ஊர்ப் பெரியவர்களுக்குப் போதவில்லை. வணிகர்களும் அதிகாரிகளும் 1844ல் கூடிப் பேசி, பங்குதாரர்கள் பணம் போட்டு நடத்தும் ‘சிங்கப்பூர் நூலகம்’ ஒன்றை அமைத்தார்கள். 1845 ஜனவரி 22ஆம் தேதி அது திறக்கப்பட்டது. பங்குத் தொகையும் மாதச் சந்தாவும் கட்டக்கூடியவர்களுக்கே நூல்கள் கிடைத்தன. கப்பலில் வரும் இங்கிலாந்து இதழ்கள், நாவல்கள், பயண நூல்கள், எல்லாம் ஆங்கிலத்தில். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களுக்கும் சாலை போட்டவர்களுக்கும் அப்படி ஒரு நூலகம் இருப்பதே தெரிந்திருக்க நியாயமில்லை.

1849ல் நூலகத்தோடு ஓர் அரும்பொருளகமும் சேர்ந்தது. ஜொகூர் தெமெங்கோங் அன்பளிப்பாகத் தந்த 2 ஆச்சே தங்க நாணயங்களே அதற்குத் தொடக்கம். அன்றிலிருந்து நூறாண்டுகளுக்கு மேல் நூலகமும் அரும்பொருளகமும் ஒட்டிப் பிறந்த பிள்ளைகள்போல் ஒரே கூரையின்கீழ் வளர்ந்தன. 1862ல் இரண்டும் நகர மண்டபத்துக்கு இடம் மாறின. இன்றைய விக்டோரியா அரங்கம்தான் அன்றைய நகர மண்டபம்.

சந்தாதாரர் நூலகத்துக்குக் காலப்போக்கில் கடன் சேர்ந்தது. நூல்களையும் கடனையும் சேர்த்து அரசாங்கம் 1874ல் ஏற்றுக்கொண்டது. ‘ராஃபிள்ஸ் நூலகமும் அரும்பொருளகமும்’ என்ற பெயர் அப்போது வந்தது. 1887ல், விக்டோரியா மகாராணியின் பொன்விழா ஆண்டில், ஸ்டாம்ஃபர்ட் சாலையில் குவிமாடத்துடன் கூடிய சொந்தக் கட்டடம் திறக்கப்பட்டது. இன்று அது தேசிய அரும்பொருளகம். அங்கே போகிறவர்களில் பலருக்கு, ஒருகாலத்தில் அக்கட்டடத்தில் நூலகமும் இருந்தது என்பது புதிய செய்தியாக இருக்கும்.

வாசகர்களைப் பொறுத்தவரை ராஃபிள்ஸ் நூலகம் குறுகிய வட்டத்துக்குள்ளேயே இருந்தாலும், தொகுப்பைப் பொறுத்தவரை சில நல்ல காரியங்களைச் செய்தது. ‘இந்தியத் தீவுக்கூட்ட இதழ்’ என்னும் ஆய்விதழை 1847ல் தொடங்கி நடத்திய ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன், தென்கிழக்காசிய மொழிகள்பற்றிய நூல்களைத் தேடித்தேடிச் சேர்த்தவர். அவர் மறைவுக்குப் பிறகு 1870களின் இறுதியில் அத்தொகுப்பு நூலகத்துக்கு வந்து சேர்ந்தது. லண்டனில் இந்திய அலுவலக நூலகராகப் பணியாற்றிய மொழியறிஞர் ரைன்ஹோல்ட் ரோஸ்ட்டின் 970 நூல்கள் 1897ல் வாங்கப்பட்டன. இந்த இரு தொகுப்புகளும் இன்றும் அரிய நூல் பிரிவில் இருக்கின்றன. இவ்வட்டார மொழிகளின் பழைய அகராதி, இலக்கணங்களைப் பார்க்க விரும்பும் ஆய்வாளர் இவற்றைத் தவிர்க்க முடியாது.

ஒரு சட்டமும் சில தமிழ் நூல்களும்

தமிழர்களுக்கு நெருக்கமான ஒரு நிகழ்வு இங்கே குறுக்கிடுகிறது. 1886ல் நீரிணைக் குடியேற்றங்களில் நூல் பதிவுச் சட்டம் வந்தது. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்காவில் அச்சாகும் ஒவ்வொரு நூலையும் அச்சகத்தார் பதிவு செய்து, பிரதிகளை அரசாங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. மொழி, பக்கங்கள், அச்சிட்ட பிரதிகளின் எண்ணிக்கை, விலை ஆகிய விவரங்கள் அரசிதழில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டியலாக வெளிவந்தன. லண்டன் பிரிட்டிஷ் அரும்பொருளகத்துக்கும் நூல்கள் அனுப்பப்பட்டன.

யார் எதை அச்சிடுகிறார்கள் என்று தெரிந்துவைத்துக்கொள்ள ஆட்சியாளர்கள் விரும்பியது இயல்பு. ஆனால் அந்தச் சட்டம் வேறொரு வேலையையும் செய்துவிட்டது. சிறிய அச்சகங்களில் சில நூறு பிரதிகள் மட்டுமே அச்சாகி, விற்று, கைமாறி, கரையான் தின்று மறைந்திருக்க வேண்டிய மலாய், தமிழ் நூல்களில் பல, லண்டனில் நூலக அலமாரியில் பத்திரமாக உட்கார்ந்துகொண்டன. அச்சிட்ட ஊரில் ஒரு பிரதிகூட மிஞ்சாமல், கடல்கடந்த ஊரில் மிஞ்சிய நூல்கள் உண்டு.

அக்காலத் தமிழ் அச்சு முயற்சிகள் குறைவானவை அல்ல. சிங்கப்பூரில் அச்சாகி நமக்குக் கிடைத்துள்ள தமிழ் நூல்களில் பழமையானதாகக் குறிப்பிடப்படுவது 1872ல் வெளிவந்த ‘முனாஜாத்துத் திரட்டு’. முகம்மது அப்துல் காதிர் புலவர் பாடிய இஸ்லாமியப் பக்திப் பாடல்களின் தொகுப்பு அது. 1887ல் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த சதாசிவ பண்டிதரின் ‘சிங்கைநகர் அந்தாதி’யும் ‘சித்திரகவிகள்’ நூலும் வெளிவந்தன. அதே 1887ல் மகுதூம் சாயபு ‘சிங்கை நேசன்’ வார இதழைத் தொடங்கினார். ஸ்டாம்ஃபர்ட் சாலையில் புதிய நூலகக் கட்டடம் திறந்த ஆண்டும் அதுதான். ஆனால் மாடத்துக்குக் கீழே அமர்ந்து ஆங்கில இதழ் படித்துக்கொண்டிருந்த சந்தாதாரர்களுக்கும், சிறிய அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்த சாயபுவுக்கும் இடையே ஒரு சாலை அகலம் அல்ல, ஓர் உலகம் அகலம் இருந்தது.

‘சிங்கை நேசன்’ 1890ல் நின்றது. அதில் 1888ல் வந்த ‘விநோத சம்பாஷணை’யைச் சிங்கப்பூர்த் தமிழ்ச் சிறுகதையின் தொடக்கம் என்று எழுத்தாளர் நா. கோவிந்தசாமி பின்னாளில் எடுத்துக்காட்டினார். அது சிறுகதைதானா, உரையாடல்தானா என்று ஆய்வாளர்கள் விவாதிக்கலாம். விவாதிப்பதற்கு இதழ் கையில் இருக்கிறதே, அதுவே பெரிது. இதே மகுதூம் சாயபு 1875ல் நடத்தியதாகச் சொல்லப்படும் ‘சிங்கை வர்த்தமானி’யைப் பற்றி விவாதிக்க வழியில்லை. பெயர் மட்டும்தான் மிஞ்சியது.

மலேசியாவுக்கும் இதில் பங்குண்டு. மலாயாப் பல்கலைக்கழக நூலகத்தின் வெளியீடாக 1969ல் வந்த ‘தமிழ் மலேசியானா’ என்ற பட்டியலை இராம. சுப்பையா தொகுத்தார். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளிவந்த தமிழ் நூல்களையும் இதழ்களையும் முறையாகப் பட்டியலிட்ட முன்னோடிப் பணி அது. இரு நாட்டு நூலகர்களும் ஆய்வாளர்களும் இன்றும் அதைத்தான் முதலில் புரட்டுகிறார்கள். கதை, கவிதை எழுதியவர்களுக்கு மேடை கிடைக்கிறது, மாலை விழுகிறது. பட்டியல் தொகுத்தவருக்கு அவ்வளவு எளிதில் மாலை விழுவதில்லை.

போரில் பிழைத்த நூல்கள்

1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானது. சூறையாடலும் தீவைப்பும் எந்நேரமும் நடக்கலாம் என்ற நிலையில், நூலகமும் அரும்பொருளகமும் தப்பியது ஓர் அதிசயம்தான். அதற்குக் காரணம், போரின் இரு பக்கங்களிலும் இருந்த சில அறிவியலாளர்கள். தாவரவியல் பூங்காவின் உதவி இயக்குநராக இருந்த ஆங்கிலேயர் ஈ.ஜே.எச். கார்னர், ஜப்பானியப் பேராசிரியர் ஹிடேசோ தானகடாத்தே ஆகியோர் சேர்ந்து வேலை செய்தார்கள். பின்னர் பிரபு யோஷிசிகா தொகுகாவா பொறுப்பேற்றுத் தமது செல்வாக்கால் பாதுகாப்புத் தந்தார். கைவிடப்பட்ட வீடுகளிலும் அலுவலகங்களிலும் சிதறிக் கிடந்த நூல்களைத் திரட்டி அரும்பொருளகத்துக்குக் கொண்டுவந்தார்கள். போரின்போது நூல்கள் குறைவது வழக்கம். இங்கே சில பிரிவுகளில் கூடவும் செய்தன.

கார்னர் பின்னாளில் இந்த அனுபவத்தை நூலாக எழுதினார். எதிரியோடு ஒத்துழைத்தவர் என்ற பேச்சு அவர்மீது எழாமல் இல்லை. சிறைமுகாமில் வாடிய சக நாட்டவருக்கு அவர் வெளியில் நடமாடியது கசந்திருக்கும். அந்தக் கசப்பும் நியாயமானது. நூல்கள் பிழைத்ததும் உண்மை.

375,000 வெள்ளியும் அதனுடன் வந்த நிபந்தனையும்

போருக்குப் பிறகும் ராஃபிள்ஸ் நூலகம் பெரும்பாலும் ஆங்கிலம் படித்தவர்களின் இடமாகவே தொடர்ந்தது. மக்கள்தொகையில் பெரும்பகுதியினர் சீனம், மலாய், தமிழ் படிப்பவர்கள். அவர்கள் படிக்கக்கூடிய நூல்கள் அங்கே அரிது.

இந்த நிலையை மாற்றியவர் ஒரு வணிகர். ரப்பர், அன்னாசித் தொழிலில் பெரும் செல்வம் சேர்த்த லீ கொங் சியான், 1953ல் புதிய நூலகக் கட்டடத்துக்காக 375,000 வெள்ளி தர முன்வந்தார். பணத்தோடு நிபந்தனையும் வந்தது. நூலகம் அனைவருக்கும் இலவசமாக இருக்க வேண்டும், இம்மண்ணில் பேசப்படும் ஆசிய மொழிகளின் நூல்களும் அதில் இடம்பெற வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனைக்குத் தமிழர்கள் அவருக்கு எப்போதும் கடமைப்பட்டவர்கள். தமிழ் நூல்களுக்கு அரசாங்க நூலகத்தில் முறையான இடம் கிடைத்ததற்கு, தமிழ் பேசாத ஒரு சீன வணிகரின் பிடிவாதமும் காரணம். கொடை தருகிறவர்கள் கட்டடத்துக்குத் தம் பெயர் வைக்கச் சொல்வது உலக வழக்கம். இவர் நுழைவுக் கட்டணத்தை எடுக்கச் சொன்னார்.

காரியம் உடனே நடந்துவிடவில்லை. நூலகம் 1955ல் அரும்பொருளகத்திலிருந்து தனி நிர்வாகமாகப் பிரிந்தது. 1957 ஆகஸ்ட் 16ஆம் தேதி லீ கொங் சியானே அடிக்கல் நாட்டினார். 1958 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டத்தின்கீழ் அது ‘ராஃபிள்ஸ் தேசிய நூலகம்’ ஆனது. சந்தா ஒழிந்தது. 1960 நவம்பர் 12ஆம் தேதி ஸ்டாம்ஃபர்ட் சாலையில் செங்கல் கட்டடத்தை நாட்டுத் தலைவர் யூசுஃப் இஷாக் திறந்துவைத்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் பெயரிலிருந்த ராஃபிள்சும் விலகிக்கொள்ள, ‘தேசிய நூலகம்’ என்ற பெயர் நிலைத்தது. சுயாட்சி அரசாங்கத்தில் எஸ். ராஜரத்னத்தின் தலைமையில் இயங்கிய கலாசார அமைச்சின் பொறுப்பில் அது இருந்தது.

அந்நூலகத்தை வளர்த்தெடுத்தவர்களில் ஹெட்விக் அனுவாரின் பெயரை விட்டுவிட முடியாது. சிங்கப்பூரரான முதல் இயக்குநர் அவர். 1960ல் சிறிது காலமும், பிறகு 1965 முதல் 1988 வரையும் பொறுப்பில் இருந்தார். நூலகம் நகர நடுவில் இருந்தால் போதாது, மக்கள் குடியிருக்கும் இடத்துக்குப் போக வேண்டும் என்ற கொள்கை அவர் காலத்தில் நடைமுறையானது. கிராமப்புறங்களுக்கு நடமாடும் நூலக வண்டி போனது. 1970ல் குவீன்ஸ்டவுனில் முதல் முழுநேரக் கிளை நூலகத்தைப் பிரதமர் லீ குவான் இயூ திறந்தார். 1974ல் தோ பாயோ, 1978ல் மரின் பரேட் என்று வீடமைப்புப் பேட்டைகள் முளைத்த இடமெல்லாம் நூலகமும் முளைத்தது. கம்போங் வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்த தலைமுறை, அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோனபோது நடந்துபோகும் தூரத்தில் நூலகத்தைக் கண்டது.

தொகுப்புகளும் வளர்ந்தன. 1964ல் வரலாற்று ஆர்வலர் டான் இயோக் சியோங் தமது ‘தென்னை நிழல் கூடம்’ என்ற தனி நூலகத்திலிருந்து சுமார் 10,000 நூல்களைக் கொடையாகத் தந்தார். அதைக் கொண்டு தென்கிழக்காசிய அறை திறக்கப்பட்டது. 1965ல் கிப்சன்-ஹில் தொகுப்பு வந்தது. ராஃபிள்ஸ் அரும்பொருளகத்தின் இயக்குநராக இருந்து 1963ல் மறைந்த கார்ல் கிப்சன்-ஹில் சேர்த்த மலாயா, சிங்கப்பூர் நூல்கள் அவை. விமான விபத்தில் 1964ல் உயிரிழந்த திரைப்படத் தொழிலதிபர் லோக் வான் தோவின் நினைவாக அவருடைய தாயார் அவற்றை நூலகத்துக்கு வழங்கினார்.

செங்கல் கட்டடம் போன விதம்

1960ல் அந்தச் செங்கல் கட்டடம் எழுந்தபோது பலருக்கு அது பிடிக்கவில்லை. பக்கத்தில் வெள்ளை வெளேரென்று நிற்கும் பழைய அரும்பொருளகத்தோடு ஒட்டவில்லை என்று குறை சொன்னார்கள். நாற்பது ஆண்டுகளில் நிலைமை தலைகீழாகிவிட்டது. தேர்வுக் காலத்தில் இடம்பிடிக்கக் காலையிலேயே வரிசையில் நின்ற மாணவர்கள், முற்றத்தில் தேநீர் குடித்துக்கொண்டு மணிக்கணக்காகப் பேசியவர்கள், அங்கே சந்தித்து மணம் முடித்தவர்கள் என்று ஆயிரக்கணக்கானோரின் இளமை அந்தச் செங்கற்களில் ஒட்டிக்கொண்டிருந்தது.

1997ல் புதுப்பித்துத் திறந்த கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் எதிர்ப்பு கிளம்பியது. போக்குவரத்துக்காக ஃபோர்ட் கேனிங் குன்றின் அடியில் சுரங்கச் சாலை, அருகே சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழக வளாகம் என்று திட்டம் வகுக்கப்பட்டிருந்தது. நாளிதழ்களுக்குக் கடிதங்கள் குவிந்தன. கட்டடக் கலைஞர் டே கெங் சூன், நூலகத்தை இடிக்காமல் சுரங்கத்தைத் திருப்பும் மாற்றுத் திட்டத்தை 2000ல் முன்வைத்தார். சிங்கப்பூரில் ஒரு கட்டடத்துக்காகப் பொதுமக்கள் அவ்வளவு வெளிப்படையாகப் பேசியது அபூர்வம். முடிவு மாறவில்லை. 2004 மார்ச் 31ஆம் தேதி கதவுகள் மூடப்பட்டன. அதே ஆண்டில் கட்டடம் இடிக்கப்பட்டது. 2007ல் சுரங்கச் சாலை திறந்தது. அந்தச் சுரங்கத்தில் காரில் கடந்துபோக ஒன்றிரண்டு நிமிடம்கூட ஆகாது. அந்த நிமிடங்களை மிச்சப்படுத்த அத்தனை விலை தேவைதானா என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. நுழைவாயிலின் இரு தூண்கள் மட்டும் பழைய இடத்தருகே விட்டுவைக்கப்பட்டன. சில செங்கற்கள் புதிய நூலகத்தில் ஒரு சுவராகியிருக்கின்றன.

இழப்பு ஒருபுறம் இருக்க, கிடைத்ததையும் சொல்ல வேண்டும். 1995ல் அமைக்கப்பட்ட தேசிய நூலக வாரியம், விக்டோரியா ஸ்திரீட்டில் 16 மாடிக் கட்டடத்தை எழுப்பியது. பினாங்கில் பிறந்த மலேசியக் கட்டடக் கலைஞர் கென் யாங் வடிவமைத்தது அது. 2005 ஜூலையில் பொதுமக்களுக்குத் திறந்த அக்கட்டடத்தை, அந்த ஆண்டு நவம்பர் 12ஆம் தேதி, பழைய கட்டடம் திறந்த அதே நாளில், அதிபர் எஸ்.ஆர். நாதன் அதிகாரபூர்வமாகத் திறந்துவைத்தார். 7ஆம் மாடியிலிருந்து 13ஆம் மாடிவரை மேற்கோள் நூலகத்துக்கென்று ஒதுக்கப்பட்டது. லீ அறநிறுவனம் 60 மில்லியன் வெள்ளி வழங்கியதை அடுத்து, அதற்கு லீ கொங் சியான் பெயர் சூட்டப்பட்டது. உயிரோடிருந்தபோது அவர் கேட்காத பெயர், மறைந்து 38 ஆண்டுகளுக்குப் பிறகு வந்தது.

அச்சிட்டால் இரண்டு பிரதி

தேசிய நூலகத்துக்கும் பேட்டைக் கிளை நூலகத்துக்கும் உள்ள வேறுபாடு பலருக்குக் குழப்பம் தருவது. கிளை நூலகத்தில் கிழிந்த நூலைக் கழித்துவிட்டுப் புதியது வாங்கலாம். தேசிய நூலகத்தின் வேலை, இந்த நாட்டில் வெளியானதைக் கழிக்காமல் காப்பது. அதற்குத்தான் சட்டபூர்வ வைப்பு என்ற ஏற்பாடு. சிங்கப்பூரில் நூல் வெளியிடுகிறவர் வெளியீட்டுக்குப் பிறகு 4 வாரங்களுக்குள் 2 பிரதிகளை நூலக வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும். பெரிய பதிப்பகம், சொந்தச் செலவில் கவிதை நூல் போடும் ஓய்வுபெற்ற ஆசிரியர், பொதுக்கூட்ட மலர் வெளியிடும் சங்கம், எல்லாருக்கும் ஒரே விதி. 2019 முதல் சிங்கப்பூர் இணையத் தளங்களையும் நூலகம் சேகரித்துவைக்கச் சட்டம் இடம் தருகிறது.

வந்து சேர்ந்த தாளைக் காப்பது தனிக்கலை. வெப்பமும் ஈரமும் நிறைந்த இவ்வூரில் பூஞ்சையும் பூச்சியும் ஓய்வதில்லை. செய்தித்தாள் மரக்கூழில் செய்யப்படுவதால் அதிலுள்ள அமிலமே அதை உள்ளிருந்து தின்கிறது. சில ஆண்டுகளில் பழுத்து, பிறகு தொட்டால் நொறுங்கும். அதனால்தான் பழைய நாளிதழ்கள் நுண்படச் சுருள்களில் படமெடுக்கப்பட்டன. குளிர்ந்த, உலர்ந்த அறையில் வைத்தால் அச்சுருள்கள் தாளைவிடப் பலமடங்கு காலம் தாங்கும். 2009ல் நூலக வாரியம் பழைய நாளிதழ்களை இணையத்தில் தரத் தொடங்கியது. கோ. சாரங்கபாணி 1935ல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களையும் இன்று நுண்படச் சுருளைச் சுழற்றாமல் திரையில் தேடிப் படிக்க முடிகிறது. தமிழர் திருநாள் எப்படிக் கொண்டாடப்பட்டது, குடியுரிமை எடுக்கும்படி சாரங்கபாணி தமிழர்களை எப்படி வற்புறுத்தினார் என்பதற்கெல்லாம் சான்று அங்கேதான் இருக்கிறது. 2012ல் தேசிய ஆவணக் காப்பகமும் நூலக வாரியத்தின்கீழ் வந்ததால், அச்சில் ஏறாத வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளும் அதே குடைக்குள் வந்தன.

தமிழ் நூல்களை மின்வடிவாக்கும் பெரிய முயற்சி 2015ல், நாட்டின் பொன்விழாவை ஒட்டி நிறைவேறியது. அருண் மகிழ்நன் முன்னின்று நடத்திய சமூகக் குழு, நூலக வாரியத்துடன் சேர்ந்து, 1965க்குப் பிறகு சிங்கப்பூரில் படைக்கப்பட்ட தமிழ் இலக்கிய நூல்கள் சுமார் 350ஐத் திரட்டியது. எழுத்தாளர்களும் அவர்களுடைய குடும்பத்தினரும் அனுமதி தந்தார்கள். பக்கங்களைப் படமெடுப்பது எளிது. அதிலுள்ள சொற்களைக் கணினி தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்றால்தான் சிக்கல். ரகரத்துக்கும் காலுக்கும் கணினிக்கு வேறுபாடு தெரியாது. பழைய நூல்களில் ‘லை’, ‘னை’ போன்ற எழுத்துகளுக்கு மேலே யானைத் தும்பிக்கை சுருண்டிருக்கும். சீர்திருத்த எழுத்து இங்கே 1980களில்தான் புழக்கத்துக்கு வந்தது. ஒரே தொகுப்பில் இரு வகை எழுத்தும் இருந்ததால் இயந்திரம் தடுமாறியது. தொண்டூழியர்கள் உட்கார்ந்து, மூலத்தோடு ஒப்பிட்டு, பக்கம் பக்கமாகப் பிழை திருத்தினார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் நாடகம், இசை, நடனம் ஆகிய துறைகளுக்கும் இப்பணி விரிந்தது.

இன்னும் வராதவையும் உண்டு. 1950கள், 60களின் கோயில் குடமுழுக்கு மலர்கள், தமிழ்ப் பள்ளிகளின் ஆண்டு மலர்கள், தொழிற்சங்கத் துண்டறிக்கைகள், நாடக அழைப்பிதழ்கள், திருமண வாழ்த்து மடல்கள் போன்றவற்றை அச்சிட்டவர்கள் அவை வரலாறாகும் என்று நினைத்திருக்க மாட்டார்கள். வைப்புக்கு அனுப்பியிருக்கவும் மாட்டார்கள். வீடு மாறும்போதும், பெரியவர் ஒருவர் காலமான பிறகு அறையை ஒழிக்கும்போதும், தமிழ் படிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகளின் கைகளில் அவை சிக்குகின்றன. பழைய தாள் வாங்க வரும் காராங்குனி வண்டிக்குப் போவது பெரும்பாலும் அப்போதுதான். அவற்றை வாங்கிப் பார்த்து, நாட்டின் ஆவணமாகக் காக்கத் தக்கதா என்று ஆராய்ந்து ஏற்றுக்கொள்ள நூலக வாரியத்தில் நன்கொடைப் பிரிவு இருக்கிறது. அட்டை கிழிந்திருந்தாலும், ஓரம் கரையான் அரித்திருந்தாலும் கொடுக்கலாம்.